காடியைக் காக்கப் போன கதை

வேளச்சேரியில் தரைத்தளத்தில் குடியிருக்கும் ஒருத்தியை, ஒரு சதுப்பு நிலத்தைக் காப்பாற்ற உதவி செய்ய வாருங்கள் என்று மும்பைக்கு அழைத்தால் அவள் முதலில் சிரிக்கத்தான் செய்வாள். நானும் சிரித்தேன். எங்கள் தெருவே ஒரு காலத்தில் சதுப்பு நிலம்தான். ஒவ்வொரு ஐப்பசியிலும் தண்ணீர் தன் பழைய விலாசத்தைத் தேடிக்கொண்டு என் கூடத்துக்குள் வரும். நான் நாற்காலியின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பேன். அதுதான் என் தொழில்.

டிராம்பேக்கும் வாஷிக்கும் நடுவே கடல் உள்ளே புகுந்து ஒரு கழியாக நீண்டு கிடக்கிறது. இரு கரையிலும் அலையாத்திக் காடு. குளிர்காலத்தில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்து சேற்றைக் கிளறும். இதைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக நிர்வகிக்க ஒரு வட்டாரக் குழு அமைக்கப்போகிறார்கள். கழியை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கும் அதில் இடம் உண்டு, தமிழர்களுக்கென்று தனியாக ஓர் இடமும் உண்டு. குழுவை உருவாக்கித்தரும் வேலையை ஓர் ஆலோசனை நிறுவனம் எடுத்திருந்தது. அதன் தமிழ் நோட்டீஸ் மொழிபெயர்ப்புக்காக என்னிடம் வந்தது.

நான் முதலில் ‘உப்பங்கழி’ என்று எழுதினேன். நல்ல சொல், அழகான சொல். நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் பல்லவி போன் செய்தாள். மராட்டிப் பெண், இருபத்தெட்டு வயதிருக்கும், எல்லா வாக்கியத்தையும் அவசரமாக முடிப்பவள். “இந்தச் சொல் மும்பைத் தமிழர் யாருக்கும் புரியவில்லை. அவர்கள் அன்றாடம் என்ன சொல்வார்களோ அதையே போடுங்கள்,” என்றாள். அன்றாடம் அவர்கள் இந்திச் சொல்லைத்தான் சொல்வார்கள். ஆகவே உப்பங்கழியை அடித்துவிட்டு ‘காடி’ என்று போட்டேன். மக்கள் மொழியில் எழுதிவிட்டோம் என்று எனக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இரண்டு வாரம் கழித்து, கூட்டங்களில் பேச்சை மொழிபெயர்க்கவும் நீங்களே வாருங்கள் என்றார்கள்.

தாதரில் இறங்கி, கிங்ஸ் சர்க்கிளுக்குப் பக்கத்தில் கல்யாணி வீட்டுக்குப் போனேன். கல்லூரியில் என்னோடு படித்தவள். பாலக்காட்டுக் குடும்பம், மூன்று தலைமுறையாக மாட்டுங்காவில் இருக்கிறார்கள். இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. அந்த வட்டாரத்தில் காபிக்கொட்டை வறுக்கும் வாசனையிலும் பூக்கடைகளிலும் நடந்தபோது சென்னையைவிட்டு வந்த மாதிரியே இல்லை. சொல்லப்போனால், நான் இருக்கும் சென்னையில் இவ்வளவு தமிழ்நாடு கிடையாது. எங்கள் தெருமுனையில் மோமோ விற்கிறார்கள்.

மறுநாள் காலை, இட்லியை மிளகாய்ப்பொடியில் புரட்டிக்கொண்டே என் நோட்டீஸைக் கல்யாணியிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். அவள் வீட்டில் தமிழ் பேசுவாள், ஆபீஸில் எல்லாம் இங்கிலீஷ், தமிழில் படிப்பது மளிகைக்கடை காலண்டரை மட்டும்.

“காடி மேலாண்மை வட்டாரக் குழு. என்னடி இது, பார்க்கிங் சொசைட்டியா?”

நான் நோட்டீஸைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். இந்தியில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. முதலெழுத்தை மூச்சுவிட்டுச் சொன்னால் கழி. ‘கங்கை’யின் முதலெழுத்தைப் போல அழுத்திச் சொன்னால் வண்டி. பேசும்போது யாரும் குழம்பமாட்டார்கள். தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே கா, ஒரே டி. மும்பைத் தமிழர்கள் இரண்டு சொல்லையும் நாள் முழுக்கச் சொல்கிறார்கள், ஆனால் வண்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள்தான் அதிகம். அகராதியில் புளித்த கஞ்சி என்று மூன்றாவது பொருளும் உண்டு. அதை எதிர்பார்த்து யாரும் பாத்திரத்தோடு வராமலிருந்தால் சரி என்று நினைத்துக்கொண்டேன்.

“நான் தப்பா வாசிச்சுட்டேனோ என்னவோ. ஜனங்களுக்குப் புரியும்டி. நீ சாப்பிடு,” என்றாள் கல்யாணி.

ஜனங்களுக்கு நன்றாகவே புரிந்திருந்தது. அன்று முதல் கூட்டம் தாராவியில், ஒரு கல்யாண மண்டபத்தில். கழி இருப்பது டிராம்பேயில், கூட்டம் ஏன் தாராவியில் என்று பல்லவியைக் கேட்டேன். “தமிழர்கள் என்றால் தாராவிதானே,” என்றாள். மண்டபத்தை நெருங்கும்போதே தெருவின் இரு பக்கமும் டெம்போக்கள். நாலைந்து டாக்ஸி, ஒரு கைவண்டி. கைவண்டியை மட்டும் மண்டப வாசலிலேயே குறுக்கே நிறுத்தியிருந்தார்கள்.

உள்ளே நாற்பத்துமூன்று ஆண்கள். பெண் ஒருவர்கூட இல்லை. எல்லோர் கையிலும் நான் எழுதிய நோட்டீஸ் நாலாக மடிந்திருந்தது. வாசலில் ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட்டால் வடாபாவும் தேநீரும் தருகிற டோக்கன் கிடைத்தது, ஆகவே ஒருவர் விடாமல் போட்டிருந்தார்கள்.

பல்லவி திரையில் பூநாரைகளைக் காட்டினாள். நான் மைக்கைப் பிடித்துத் தமிழில் சொன்னேன். பத்து நிமிடம் மரியாதையாகப் பார்த்தார்கள். முன்வரிசையில் அகன்ற தோள்களோடு ஒருவர் எழுந்தார். பெயர் மகாராஜன், நாங்குநேரிப் பக்கம், சொந்தமாக இரண்டு டெம்போ.

“பறவையெல்லாம் நல்லாத்தான் இருக்கு மேடம். காடிய எங்கன நிப்பாட்டணும்னு எப்பச் சொல்லுவிய?”

பின்னாலிருந்து ஒரு வயதான டாக்ஸிக்காரர், “பாதுகாக்கப்பட்ட காடின்னா, அது இன்சூரன்ஸாம்மா?” என்று கேட்டார்.

நோட்டீஸை நான் மறுபடி மனதுக்குள் ஓட்டிப்பார்த்தேன். ‘காடியை நம்பிப் பிழைக்கும் தமிழர்கள் அனைவரும் தவறாமல் வரவும்.’ ‘உங்கள் காடி, உங்கள் உரிமை.’ ‘காடியில் குப்பை ஏற்றுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.’ இந்த மூன்றாவது வரியில் நான் ‘கொட்டுவோர்’ என்றுதான் எழுதியிருந்தேன். அச்சடித்த இடத்தில் யாரோ பொருள் பொருந்தும்படி திருத்தியிருக்கிறார்கள். அந்தப் புண்ணியவானும் டெம்போக்காரராக இருக்க வேண்டும்.

வேறு வழியில்லை. இது என் தப்பு, இது வண்டியைப் பற்றிய கூட்டமல்ல, கழியைப் பற்றியது என்று மைக்கில் சொன்னேன். பிறகு மகாராஜன் சிரித்தார், அவர் சிரித்ததும் மண்டபமே சிரித்தது. “பெரிய லோச்சாவால்ல, கொழப்பமால்ல ஆயிப்போச்சு,” என்று யாரோ சொல்ல, டோக்கனைக் கொடுத்து வடாபாவ் வாங்கிக்கொண்டு எல்லோரும் கிளம்பினார்கள். ஒருவரும் கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

பல்லவி மகிழ்ச்சியில் இருந்தாள். “நாற்பத்துமூன்று. எங்கள் கூட்டங்களில் இதுதான் அதிகம்.”

“ஆனால் ஒருவர்கூடக் கழியில் கால் வைத்தவரில்லையே?”

“முதல் கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டவர்கள்தான் வாக்காளர்கள். அதுதான் விதி. சனிக்கிழமை வாஷியில் இவர்கள் ஒரு தமிழரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அது யாராக இருந்தாலும் சரி. யாரும் வராவிட்டால், கழியை நம்பித் தமிழர்கள் யாரும் இல்லை என்று பதிவு செய்துவிட்டு அந்த இடத்தை எடுத்துவிடுவோம்.”

அப்புறம் என்ன நடக்கும் என்று கேட்டேன். அவள் வரைபடத்தை விரித்தாள். டிராம்பே பக்கம் கழிக்கு இறங்கும் ஒரு சந்தில் இரும்பு கேட் வரப்போகிறது. காலை பத்துக்குத் திறந்து மாலை ஐந்துக்குப் பூட்டுவதாகத் திட்டம். சனிக்கிழமை குழுவின் முதல் அமர்விலேயே அது முடிவாகிவிடும். மராட்டி மீனவர்களுக்கு வேறு இடத்தில் சொந்தத் துறை இருக்கிறது, அவர்களுக்கு இந்த கேட் வந்தால் சிக்கல் இல்லை. “அந்தச் சந்து வழியாக யார் போகிறார்கள்?” என்றேன். “நண்டு பிடிக்கிற சில பெண்கள் என்று சர்வேயில் இருந்தது,” என்றாள் பல்லவி. “தமிழ்ப் பெண்கள். அவர்கள் ஏன் வரவில்லை என்று தெரியவில்லை.”

எனக்குத் தெரியும். அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

மூன்றாம் நாள் அந்தப் பெண்களைத் தேடிக் கிளம்பினேன். மான்கூர்டில் இறங்கி பஸ் பிடி என்று கல்யாணி சொல்லி அனுப்பினாள். ஹார்பர் லைன் ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறுவதற்கு நான் ஒன்றுமே செய்யவில்லை, பின்னால் வந்தவர்கள் என்னை ஏற்றிவிட்டார்கள். ஆனால் இறங்குவதற்கு அதே உதவி கிடைக்கவில்லை. மான்கூர்ட் வருவதற்கு இரண்டு ஸ்டேஷன் முன்பே வாசலுக்கு வந்து நின்றிருக்க வேண்டுமாம். வழிவிடச் சொன்னபோது, மடியில் கீரையை வைத்து ஆய்ந்துகொண்டிருந்த ஒரு பெண், “இப்போது எழுந்தால் எப்படி? வாஷியில் இறங்கித் திரும்பி வா,” என்று இந்தியில் பொறுமையாகச் சொன்னாள். ரயில் பாலத்தில் ஏறியது.

அப்படித்தான் நான் மொழிபெயர்த்த காடியை முதன்முதலாகப் பார்த்தேன். தண்ணீர் வற்றிய நேரம். சாம்பல் நிறச் சேறு வெகுதூரம் பளபளத்தது, அதன் ஓரத்தில் யாரோ ரோஜா நிறத்தில் கோடு கிழித்த மாதிரி பூநாரைகள். சேற்றின் நடுவே வளைந்து குனிந்த நாலைந்து உருவங்கள் தெரிந்தன. முதலில் அவையும் பறவை என்றே நினைத்தேன். அவை புடவை கட்டியிருந்தன.

வாஷியிலிருந்து திரும்பி, பஸ் மாறி, டிராம்பேயில் இறங்கியபோது மணி ஒன்று. ஒரு பக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் புகைபோக்கி, இன்னொரு பக்கம் உயரமான மதில். பஸ் நிறுத்தத்தில் என் நோட்டீஸ் பாதி கிழிந்து ஒட்டியிருந்தது. அதன் கீழே ஒரு பெண் பெயின்ட் வாளியில் நண்டு வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். முழங்கால் வரை சேறு காய்ந்து வெள்ளையாகியிருந்தது. நாற்பது வயதிருக்கும். பெயர் செல்லக்கனி, தூத்துக்குடிப் பக்கம்.

“இதைப் படிச்சீங்களா?” என்று மேலே காட்டினேன்.

“பக்கத்து வீட்டு அண்ணி படிச்சுச் சொன்னா. காடிக்காரங்களுக்கு மீட்டிங்காம்லா. எங்ககிட்ட என்ன காடி இருக்கு, இந்த வாளிதான் இருக்கு.”

நான் விஷயத்தைச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு வாளியை மூடிவிட்டு, “சோறு தின்னுட்டுப் பேசுவோம், வாங்க,” என்று வீட்டுக்கு அழைத்துப்போனாள். தகரக் கூரை, ஒரே அறை. அவள் கணவர் ஆலைகளில் பெயின்ட் அடிக்கப் போனவர், சாரத்திலிருந்து விழுந்து முதுகு போய்விட்டது. இரண்டு பெண்களும் கல்லூரியில். வீடு ஓடுவது அந்தச் சேற்றில்தான். நண்டுக் குழம்பு வைத்தாள். தேங்காயும் மிளகும் அரைத்து, ஓட்டோடு கொதிக்கவைத்தது. சென்னையில் நட்சத்திர ஓட்டலில் இதற்கு என்ன பெயர் வைத்து என்ன விலை போடுவார்கள் என்று யோசித்தேன். யோசிப்பதை நிறுத்திவிட்டு இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டேன்.

சாப்பிட்டதும் அந்தச் சந்துக்குக் கூட்டிப்போனாள். இரண்டு பக்கமும் இரும்புத் தூண்கள் ஏற்கனவே நட்டிருந்தன. குழு கூடி முடிவெடுக்கும் முன்பே தூண் வந்துவிட்டது. நம் ஊரிலும் அப்படித்தான் என்பதால் நான் ஆச்சரியப்படவில்லை.

“பத்துலேருந்து அஞ்சு வரைக்கும் தொறப்பாவளாம்,” என்றாள். “கடல்ல வத்தம், தண்ணி வத்துறது, தெனமும் நேரம் மாறி மாறில்லா வரும். இன்னைக்கு நடுப்பகல், அடுத்த வாரம் வெடியக்காலம் நாலு மணி. வத்தம் என்ன ஆபீசுக்கா போவுது, டைம் பாத்து வர? கேட்டப் பூட்டுனா மாசத்துல பாதி நாளு எங்களுக்குச் சோறில்ல.”

“நோட்டீஸை எழுதினது நான்தான்,” என்றேன். சொல்லாமலிருந்திருக்கலாம். அந்தக் குழம்பைச் சாப்பிட்ட பிறகு முடியவில்லை.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “படிச்சவங்கதான எழுதியிருப்பாங்கன்னு நெனச்சேன்,” என்றாள். பிறகு, “சரிக்கா. ஓட்டு அந்தக் காடிக்காரங்க கையிலதான இருக்கு? நாளைக்கி அங்கயே போவோம்,” என்றாள்.

நான்காம் நாள் செம்பூரில் சந்தித்து இருவரும் தாராவிக்குப் போனோம். செல்லக்கனி கஞ்சி போட்ட புடவை கட்டியிருந்தாள். கையில் ஒரு டப்பா. டெம்போ ஸ்டாண்டை ஒட்டிய தேநீர்க் கடையில் மகாராஜனும் இன்னும் ஆறேழு பேரும் அரை கிளாஸ் கட்டிங் சாய் குடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவர், “மேடம், இன்னைக்கு எந்தக் காடி?” என்று கேட்டார். அந்த வட்டாரத்தில் நான் அதற்குள் பிரபலம்.

செல்லக்கனி டப்பாவைத் திறந்து மேஜையில் வைத்தாள். நண்டு வறுவல். “சாப்பிடுங்க அண்ணாச்சி,” என்றாள். அவர்கள் சாப்பிடும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வறுவல் தீர்ந்ததும் தன் சேதியைச் சொன்னாள்.

மகாராஜன் விரலைத் துடைத்துக்கொண்டார். “நீ சொல்லுறது ஞாயந்தான் தங்கச்சி. ஆனா சனிக்கெழம ஆளாளுக்கு அர நாள் பொழப்பு போயிரும். நாங்க வந்து கையத் தூக்குறதுல எங்களுக்கு என்ன இருக்கு, சொல்லு?”

“ஒங்களுக்கு என்ன கஷ்டம்? அதச் சொல்லுங்க மொதல்ல.”

அவர் சொன்னார். விடியற்காலை வாஷி மார்க்கெட்டில் சரக்கு ஏற்றித் திரும்பும்போது மணி எட்டாகிவிடும். அந்த நேரத்தில் பெரிய வண்டிகளை ஊருக்குள் விடமாட்டார்கள். பதினொன்று வரை எங்கேயாவது நிற்க வேண்டும். நின்ற இடத்திலெல்லாம் போலீஸ் வந்து தட்டுவார்கள். “காடிய நிப்பாட்ட ஒரு எடம் கெடைக்க மாட்டேங்கு. அதுக்குத்தாம்மா அன்னைக்கு மண்டபம் நெறஞ்சிச்சு.”

செல்லக்கனி தேநீரை ஊதி ஊதிக் குடித்தாள். “எங்க சந்துக்குள்ள, கேட்டுக்கு அந்தப் பக்கம், காஞ்ச மண்ணு மேடு ஒண்ணு கெடக்கு. இருவது காடி நிக்கும். நான் ஜெயிச்சா மொத வேலையா அதக் கேக்கேன்.”

“பக்காவா?”

“எம்புள்ளைங்க மேல சத்தியமா.”

மகாராஜன் கடைக்காரரைப் பார்த்து, தங்கச்சிக்கு இன்னொரு சாய் என்றார். பேரம் முடிந்துவிட்டது.

திரும்பும் வழியில் நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். முடியவில்லை. சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் முதலில் நாலு வண்டி நிற்கும், பிறகு வண்டிக்கு ஷெட் வரும், ஷெட்டுக்குச் சுவர் வரும், சுவருக்குள் என்னைப் போல ஒருத்தி தரைத்தளத்தில் ஃபிளாட் வாங்கிக் குடிவருவாள் என்றேன். வேளச்சேரியின் முழு வரலாற்றையும் சயான் ஸ்டேஷன் வருவதற்குள் சொல்லி முடித்தேன். எனக்கு உண்மையிலேயே கோபமாக இருந்தது. கழியைக் காக்கப் போய் அதன் கரையில் லாரி ஸ்டாண்ட் கொண்டுவருகிறோமே என்று.

“பாப்போம்க்கா,” என்றாள் செல்லக்கனி.

சனிக்கிழமை வாஷியில், குளிரூட்டிய ஒரு கூட்ட அறை. ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் பூநாரை படம் போட்ட தண்ணீர் பாட்டில். பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம் என்று அதன் மேலேயே எழுதியிருந்தது. பத்தரை மணிக்கு மூன்று டெம்போக்களின் பின்பக்கத்தில் நின்றுகொண்டே முப்பத்தொன்பது பேர் வந்து இறங்கினார்கள். வாட்ச்மேன் யாரோ சாமான் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பின்கேட்டைக் காட்டினார். கைகளைத் தூக்கினார்கள், பல்லவி எண்ணினாள், செல்லக்கனி தமிழர் பிரதிநிதி ஆனாள். மகாராஜன் போகும்போது, “மறந்துராத தங்கச்சி,” என்று மட்டும் சொன்னார்.

பிறகு குழுவின் முதல் அமர்வு. தலைவர் ஓய்வுபெற்ற அதிகாரி, எதையும் அவசரப்படுத்தாதவர். முதல் பொருள், குழுவின் சின்னம். பூநாரை இடது பக்கம் பார்க்க வேண்டுமா வலது பக்கமா என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். ஒற்றைக் காலில் நிற்கலாமா என்பதில் ஆலைகளின் பிரதிநிதிக்குத் தயக்கம் இருந்தது, அது ஊனம் மாதிரித் தெரியுமாம். கடைசியில் பறக்கவிட்டார்கள். சாண்ட்விச்சும் ஆறிய சமோசாவும் வந்தன. செல்லக்கனி சாண்ட்விச்சைப் பிரித்து உள்ளே பார்த்துவிட்டு மூடி வைத்தாள்.

மூன்றாவது பொருளாக டிராம்பே கேட் வந்தது. தலைவர், தமிழர் பிரதிநிதி ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டார். நான் அவள் பக்கம் சாய்ந்தேன். அவள் எழுந்து நின்றாள், புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டாள்.

“எங்க ஆளுங்க காடி நிக்க எடமில்லாமக் கஷ்டப்படுதாங்க. கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்க மேட்டுல காடி நிப்பாட்டிக்கிட உத்தரவு வேணும். காடி நேரங்கெட்ட நேரத்துலதான் வரும்.”

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள். நான் தாழ்ந்த குரலில், “நண்டைப் பத்திச் சொல்லுங்க. வத்தத்தைச் சொல்லுங்க,” என்றேன்.

“நான் சொன்னத மட்டும் நீங்க சொல்லுங்கக்கா,” என்றாள்.

சொன்னேன். இந்த முறை இந்தியில், முதலெழுத்தை நன்றாக அழுத்தி, வண்டி என்று யாருக்கும் சந்தேகம் வராதபடி சொன்னேன். சொல்லும்போதே மனசு விட்டுப்போனது. இந்தப் பெண் தன் சோற்றை விட்டுவிட்டு யாருக்கோ பார்க்கிங் கேட்கிறாளே, எல்லாம் என் ஒரு சொல்லால் வந்தது என்று.

பறவை ஆர்வலர்களின் பிரதிநிதி உடனே கையைத் தூக்கினார். கழுத்தில் பைனாகுலரோடு வந்திருந்த கனவான். “நானே இதைச் சொல்ல நினைத்தேன். பறவை பார்க்க எங்கள் ஆட்கள் விடியுமுன் காரில் வருகிறார்கள், நிறுத்த இடமில்லை,” என்றார். ஆலைகளின் பிரதிநிதி, தங்கள் வண்டிகளும் சில சமயம் நிற்க வேண்டியிருக்கும் என்றார். பூநாரை எந்தப் பக்கம் பார்ப்பது என்பதில் ஒத்துப்போகாத ஒன்பது பேர் பார்க்கிங்கில் ஐந்தே நிமிடத்தில் ஒத்துப்போனார்கள். மண் மேட்டில் வண்டிகள் நிற்கலாம், கட்டடம் எதுவும் கூடாது, வண்டிகள் வந்துபோக கேட் எந்நேரமும் திறந்திருக்கும் என்று தீர்மானம் எழுதப்பட்டது. நண்டு பிடிக்கும் பெண்களின் பிரச்சினை என்று நானாக இழுத்தேன். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார் தலைவர்.

வாஷி ஸ்டேஷனில் டிக்கெட் வரிசையில் நின்றபோது என்னால் பொறுக்க முடியவில்லை. “உங்க விஷயத்தை ஒரு வார்த்தைகூடச் சொல்லலையே,” என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது.

“நண்டு புடிக்கணும், கேட்டத் தொறங்கன்னு கேட்டா, பாஸ் வாங்கு, பேரு எழுது, ஆறு மாசம் கழிச்சு வான்னுதான சொல்லுவாவ? காடி நிக்கணும்னா கேட்டத் தொறந்துல்லாக்கா வைக்கணும். தொறந்த கேட்டுல நான் வாளியத் தூக்கிட்டுப் போனா யாரு கேப்பா?”

வரிசை நகர்ந்தது.

“அந்த மேட்டுல அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தண்ணி ஏறிரும்,” என்றாள். “அண்ணாச்சிகிட்ட சொல்லிட்டேன், அந்த நாளு மட்டும் நிப்பாட்டாதியன்னு. நீங்க பயப்படுத மாதிரி அங்க செவரு கிவரு எவனும் கட்ட முடியாது.” பிறகு சில்லறையைச் சரிபார்த்துக்கொண்டே, “ஒங்க நோட்டீஸு நல்ல நோட்டீஸுதான்க்கா,” என்றாள்.

ரயில் வந்து இருவரும் ஏறினோம். மான்கூர்டில் இறங்க வேண்டியவள், ஏறியதும் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றுகொண்டாள்.

மறுநாள் கல்யாணி வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தீர்மானங்களைத் தமிழில் மொழிபெயர்த்தேன். டிராம்பே சந்தில், அந்த கேட்டிலேயே ஒரு பலகையில் எழுதி மாட்டுவதற்காக. பல்லவி அனுப்பிய மெயிலில், போன முறை மாதிரி ஆகிவிடக் கூடாது, ஆனாலும் மக்கள் அன்றாடம் சொல்லும் சொல்லாகவே இருக்கட்டும் என்றிருந்தது. முதலில் ‘வாகனங்கள் வந்துபோகும் பொருட்டு’ என்று எழுதினேன். சரியான மொழிபெயர்ப்பு, யாரும் குறை சொல்ல முடியாது. கேட்டுக்கு ஒரு வாட்ச்மேன் வருவான், அவனும் இதைப் படிப்பான், வாகனம் இல்லாமல் வாளியோடு நிற்பவளைப் பார்த்து உன் வாகனம் எங்கே என்பான் என்று தோன்றியது.

கல்யாணி காபியோடு வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். நான் அந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுதியிருந்தேன். இந்தத் தடவையும் அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

“காடிக்குப் போகிறவர்களுக்காக இந்த கேட் எந்நேரமும் திறந்திருக்கும்.” நிறுத்தினாள். “ஏண்டி, இது எந்தக் காடி?”

“நீ எப்படி வாசிக்கிறயோ அப்படி,” என்று சொல்லிவிட்டுப் பல்லவிக்கு அனுப்பிவிட்டேன்.